விஸ்கி சேர்க்காத ஸ்காட்லாந்து விருந்து இனிப்புகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கிளாஸ்கோவில் குடியிருந்த ஆண்டுகளில் ஜனவரி 25ஆம் தேதி எங்கள் வீட்டில் விருந்து தவறியதில்லை. ஸ்காட்லாந்தின் கவிஞர் ராபர்ட் பர்ன்ஸ் 1759இல் பிறந்த நாள் அது. பந்தியில் உட்காருகிறவர்களில் பாதிப் பேர் மது தொடாதவர்கள்: நோன்பு இருக்கும் அம்மாக்கள், இஸ்லாமிய நண்பர்கள், கர்ப்பிணிப் பெண்கள், மருந்து சாப்பிடுகிறவர்கள், குடியை விட்டு மீண்டு வந்தவர்கள், குழந்தைகள். அவர்களுக்குத் தனியாக ஒரு கிண்ணம் ஐஸ்கிரீம் வைத்து ஒதுக்க எனக்கு மனம் வரவில்லை. எல்லோருக்கும் ஒரே இனிப்பு, அதுவும் உண்மையான ஸ்காட்லாந்து இனிப்பு என்று முடிவு செய்தபின், ஆண்டுதோறும் நான் செய்து பார்த்தவையும் என்னிடம் கேட்கப்பட்டவையும் இங்கே.

விஸ்கி இல்லாமல் ஸ்காட்லாந்து விருந்தா? அது முறைதானா?

முறைதான். ஷார்ட்பிரெட் என்னும் வெண்ணெய் பிஸ்கட், டேப்லெட் என்னும் பால்-சர்க்கரைக் கட்டி, க்ளூட்டி டம்ப்ளிங் என்னும் பழ உருண்டை, செல்கர்க் பேனக் என்னும் உலர்திராட்சை ரொட்டி, எக்கில்ஃபெக்கன் டார்ட் என்று அந்நாட்டு இனிப்புகளை எண்ணிக்கொண்டே போனால், இவற்றின் வழக்கமான செய்முறை எதிலும் மதுவுக்கு வேலையே இல்லை. அந்தக் குளிர்நாட்டு வீடுகளில் இருந்தவை ஓட்ஸ், வெண்ணெய், பாலேடு, தேன், கோடையில் பெர்ரிப் பழங்கள். பின்னாளில் கிரீனாக், கிளாஸ்கோ துறைமுகங்களில் சர்க்கரை வந்து இறங்கியது. கரீபியன் தீவுகளில் அடிமைகளின் உழைப்பில் விளைந்த சர்க்கரை அது. ஸ்காட்லாந்தின் இனிப்புப் பழக்கத்துக்குப் பின்னால் அந்த வரலாறும் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

விஸ்கி உள்ளே வருவது சில இனிப்புகளில்தான். கிரானகன் (பாலேடு, தேன், ராஸ்பெரி, வறுத்த ஓட்ஸ் சேர்ந்தது), டிப்சி லேர்ட் (கேக், கஸ்டர்டு, பாலேடு அடுக்கியது), அத்தோல் புரோஸ் (தேனும் ஓட்ஸும் கலந்த பானம்) ஆகிய மூன்றும் அதை நம்பி நிற்பவை. மாவு உறைக்குள் உலர்பழம் அடைத்த பிளாக் பன்னிலும், சிலர் செய்யும் டண்டீ கேக் என்னும் பழ கேக்கிலும் இரண்டு மூன்று கரண்டி போகும். ஆகவே மதுவைத் தவிர்ப்பவர் ஸ்காட்லாந்தின் இனிப்பைத் தவிர்க்க வேண்டியதில்லை.

எந்தப் பண்டிகைக்கு எந்த இனிப்பு?

பெரிய விருந்து நாட்கள் மூன்று: நவம்பர் 30 புனித ஆண்ட்ரூ நாள், டிசம்பர் 31 இரவு ஹாக்மனே, ஜனவரி 25 பர்ன்ஸ் இரவு. மதச் சீர்திருத்தத்துக்குப் பிறகு ஸ்காட்லாந்தின் திருச்சபை கிறிஸ்துமஸ் கொண்டாட்டத்தை ஒதுக்கி வைத்தது. 1958இல்தான் அங்கே கிறிஸ்துமஸ் பொது விடுமுறை ஆனது. அதனால் கொண்டாட்டத்தின் கனமெல்லாம் புத்தாண்டு இரவின் மேல் விழுந்தது. நள்ளிரவு கடந்ததும் வீட்டுக்குள் முதலில் கால் வைக்கிறவர் கறுத்த முடி கொண்ட ஆணாக இருந்தால் நல்ல சகுனம். அவர் கையில் நிலக்கரித் துண்டு, உப்பு, ஷார்ட்பிரெட், பிளாக் பன் ஆகியவற்றில் ஏதாவது இருக்கும், கூடவே விஸ்கியும் இருக்கும். மது தொடாத வீட்டுக்குப் போகிறவர் விஸ்கி சேர்க்காத பிளாக் பன்னும் ஷார்ட்பிரெட்டும் கொண்டுபோனால் போதும். வழக்கத்துக்குக் குறை வராது.

பர்ன்ஸ் இரவுக்குக் கிரானகன் அல்லது க்ளூட்டி டம்ப்ளிங். முதல் பர்ன்ஸ் விருந்து 1801இல் ஆலோவே கிராமத்தில் அவர் பிறந்த குடிசையிலேயே நண்பர்கள் ஒன்பது பேர் கூடி நடத்தியது. அது அவர் இறந்த நாளையொட்டி ஜூலையில் நடந்தது. பிறகுதான் பிறந்த நாளுக்கு மாறியது.

கிரானகனிலிருந்து விஸ்கியை எடுத்துவிட்டால் என்ன மிஞ்சும்?

எடுத்துவிட்டு அந்த இடத்தைச் சும்மா விட்டால் ஏமாற்றம்தான் மிஞ்சும். முதல் ஆண்டு நான் அப்படித்தான் செய்தேன். அடித்த பாலேடு, தேன், ராஸ்பெரி, வறுத்த ஓட்ஸ். மூன்றாவது கரண்டியிலேயே திகட்டியது. விருந்தினர்கள் மரியாதைக்குச் சாப்பிட்டார்கள்.

விஸ்கி அங்கே என்ன செய்துகொண்டிருந்தது என்று யோசித்த பிறகுதான் வழி பிடிபட்டது. பாலேட்டின் கொழுப்பை அது அறுக்கிறது. ஒரு துளி கசப்பையும் புகை மணத்தையும் தருகிறது. ஓட்ஸை ஊறவைத்து இளக்குகிறது. இந்த மூன்று வேலைகளுக்கும் ஆள் வைக்க வேண்டும்.

என் கையில் வந்து சேர்ந்த பதில் லாப்சாங் சூச்சாங் என்ற சீனத் தேயிலை. ஃபூஜியன் மாகாணத்தின் வூயி மலைப் பகுதியில் பைன் மரப் புகையில் உலர்த்தப்படுவது. பொட்டலத்தைப் பிரித்தாலே விறகடுப்பு எரிந்த சமையலறைக்குள் நுழைந்ததுபோல் இருக்கும். இரண்டு தேக்கரண்டித் தேயிலையை 100 மில்லி கொதிநீரில் நான்கு நிமிடம் விட்டு வடிகட்டி ஆறவைக்கவும். அதில் மூன்று மேசைக்கரண்டி எடுத்து ஓட்ஸில் தெளித்து ஒரு மணி நேரம் மூடி வைக்கவும். இன்னும் இரண்டு கரண்டியைத் தேனுடன் கலந்து பாலேட்டில் சேர்க்கவும். ஆரஞ்சுத் தோலின் மேல்பகுதியை மட்டும் துருவி அரைத் தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை. கொழுப்பை அறுக்கும் வேலையைத் தோலும் பழத்தின் புளிப்பும் பார்த்துக்கொள்ளும். புகையும் கசப்பும் தேயிலையிடமிருந்து வந்துவிடும். அந்தத் தேயிலை கிடைக்காவிட்டால் கடுமையாக இறக்கிய சாதாரணக் கறுப்புத் தேநீர்; புகை வராது, கசப்பு வரும்.

ஆறு பேருக்கு என் அளவு: ஓட்ஸ் 75 கிராம், அடிக்கக்கூடிய பாலேடு 450 மில்லி, ராஸ்பெரி 350 கிராம், தேன் மூன்று மேசைக்கரண்டி. தேன் ஹெதர் பூவிலிருந்து எடுத்ததாக இருந்தால் நல்லது. ஆகஸ்டில் மலைச்சரிவுகள் ஊதா நிறமாகும்போது சேரும் அந்தத் தேன் ஜெல்லிபோல் கெட்டியாக, இலேசான கசப்புடன் இருக்கும். அதுவே பாதி வேலையை முடித்துவிடும்.

ஓட்ஸைப் பற்றி இரண்டு வார்த்தை. தட்டையாக அழுத்திய ஓட்ஸ் இதற்குச் சரிப்படாது, கூழாகிவிடும். மணியை இரண்டு மூன்றாக வெட்டியது வேண்டும். அங்கே அதற்குப் பின்ஹெட் ஓட்மீல் என்று பெயர். நம் ஊர்க் கடைகளில் ஸ்டீல் கட் ஓட்ஸ் என்று விற்கிறார்கள். உப்புமாவுக்கு ரவை வறுப்பதுபோல் எண்ணெய் விடாமல் அடிகனமான வாணலியில், மிதமான தீயில், கை எடுக்காமல் வறுக்க வேண்டும். வாசனை வந்தவுடன் இறக்கிவிடுவது எல்லோரும் செய்யும் தவறு. மது சேர்க்காத கிரானகனுக்கு அதற்கு மேலும் இரண்டு நிமிடம் போகவேண்டும். மணிகள் வேர்க்கடலைத் தோலின் நிறத்துக்கு வந்து, கிளறும்போது சலசலவென்று சத்தம் கேட்கும். அந்த நிமிடம் இறக்கி உடனே தட்டில் கொட்டிப் பரப்பினால் கருகாது.

பாலேட்டை மென்மையாக மடியும் பதத்திலேயே நிறுத்துங்கள். பரிமாறுவதற்குச் சற்று முன்புதான் கலக்க வேண்டும். முன்கூட்டியே கலந்தால் ஓட்ஸின் கரகரப்பு போய்விடும். நான் கலப்பதே இல்லை. எல்லாவற்றையும் தனித்தனிக் கிண்ணங்களில் மேசை நடுவே வைத்துவிடுகிறேன். அவரவர் கிண்ணத்தில் அவரவர் அடுக்கிக்கொள்வது பழைய முறை. பேச்சும் சிரிப்புமாக மேசை கலகலப்பாகும்.

ஜனவரியில் ராஸ்பெரிக்கு எங்கே போவது?

உறையவைத்ததை வாங்குங்கள், தயக்கமே வேண்டாம். ஸ்காட்லாந்தின் ராஸ்பெரி கோடைப் பழம். டே நதிப் பள்ளத்தாக்கிலும் ப்ளேர்கவ்ரி, ஆங்கஸ் பகுதிகளிலும் விளைகிறது. கோடையின் நீண்ட பகலும் அதிகமாகக் காயாத வெயிலும் அதற்கு ஏற்றவை. டண்டீ அருகில் இன்வர்கவ்ரியில் உள்ள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கிய க்ளென் ஆம்பிள் போன்ற ரகங்கள் பெயர்பெற்றவை. உறைந்த பழத்தை வடிதட்டில் போட்டு இளகவிட்டு, சொட்டும் சாற்றைத் தனியே பிடித்து ஒரு கரண்டித் தேனுடன் சுண்டவைத்து மேலே ஊற்றுங்கள். விமானத்தில் வந்த ஜனவரி மாதத்துப் புதுப் பழத்தைவிட இதில் சுவை அதிகம்.

பாக்கெட் ஃப்ரெஷ் கிரீம் போதுமா?

போதாது. இந்தியக் கடைகளில் அந்தப் பெயரில் விற்பதில் கொழுப்பு 25 சதவீத அளவில்தான் இருக்கும்; எவ்வளவு அடித்தாலும் சரியாக நிற்காது. பிரிட்டனின் டபுள் கிரீமில் 48 சதவீதம். 35 சதவீதத்துக்குக் குறையாத பாலேடு கிடைத்தால் அடிக்க வரும். கிடைக்காவிட்டால் துணியில் தொங்கவிட்டு நீர் வடித்த கெட்டித் தயிரில் பாதிக்குப் பாதி பாலேடு கலந்து பாருங்கள். இது ஒப்பேற்றல் அல்ல. கிரானகனின் பழைய வடிவங்களில் க்ரௌடி என்னும் புளிப்பான இளம் பாலாடைக்கட்டிதான் சேர்ந்தது. தயிரின் புளிப்பு அதற்குப் பக்கத்தில் நிற்கிறது. விஸ்கி இல்லாத குறையையும் அது கொஞ்சம் ஈடுகட்டுகிறது.

சமைக்கும்போது மது ஆவியாகிவிடும் என்கிறார்களே?

முழுவதும் ஆவியாவதில்லை. அமெரிக்க வேளாண்துறையின் அட்டவணைப்படி, உணவில் கலந்து 15 நிமிடம் கொதித்தால் 40 சதவீதம் மிஞ்சுகிறது, ஒரு மணி நேரத்தில் 25 சதவீதம், இரண்டரை மணி நேரத்துக்குப் பிறகும் 5 சதவீதம். மேலே ஊற்றித் தீ வைத்துக் காட்டுவார்களே, அதில் 75 சதவீதம் அப்படியே இருக்கிறது. கிரானகனில் ஊற்றும் விஸ்கியோ அடுப்பையே பார்க்காதது. ஊற்றியது முழுக்க வயிற்றுக்குள் போகும். "கொஞ்சம்தானே, சமைத்தாகிவிட்டதே" என்று விருந்தினரிடம் சொல்லாமல் பரிமாறுவது எனக்குப் பொறுக்காத செயல். ஒருமுறை ஓர் உணவகத்தில் கேட்டு உறுதி செய்துகொண்டு வாங்கிய கிரானகனில் முதல் வாயிலேயே விஸ்கி இருந்தது. கூட வந்திருந்த தோழி கரண்டியைக் கீழே வைத்துவிட்டுத் தண்ணீர் கேட்டார். அந்த மாலை முழுக்க அவர் வேறெதையும் நம்பிச் சாப்பிடவில்லை.

மது நீக்கிய விஸ்கி பாட்டில்களையோ விஸ்கி எசன்ஸையோ பயன்படுத்தலாமா?

என் வீட்டில் பயன்படுத்துவதில்லை. பிரிட்டனின் வழிகாட்டுதலில் மது இல்லாதது என்று சொல்ல 0.05 சதவீதம் வரை அளவு உண்டு, சந்தையில் 0.5 சதவீதம் உள்ளவையும் அருகருகே நிற்கின்றன. சமய நம்பிக்கையால் தவிர்ப்பவருக்கு அந்தச் சொட்டும் ஆகாததாக இருக்கலாம். எசன்ஸ்களில் பலவற்றுக்குச் சாராயமே கரைப்பான். எல்லாவற்றையும்விட, குடியை விட்டவருக்கு அந்த வாசனையே சோதனை. சுவையைப் போலிசெய்து அவர் முன்னால் வைப்பது அன்பான காரியமாகத் தோன்றவில்லை. புகைத் தேநீரைக்கூட அப்படிப்பட்டவர் வரும் நாளில் முன்னதாகக் கேட்டுக்கொண்டுதான் சேர்ப்பேன்.

க்ளூட்டி டம்ப்ளிங் என்றால் என்ன?

ஸ்காட்ஸ் மொழியில் க்ளூட் என்றால் துணி. துணியில் கட்டிக் கொதிநீரில் வேகவைக்கும் பெரிய பழ உருண்டை இது. என்னைக் கேட்டால் ஸ்காட்லாந்து இனிப்புகளின் தலைவாசல் இதுதான். பிறந்த நாளுக்கும் புத்தாண்டுக்கும் வீட்டில் செய்வது, மது சேராதது, கடையில் வாங்கினால் பாதிச் சுவைகூட வராதது.

கிளாஸ்கோவில் எங்கள் கீழ்த்தளத்தில் எண்பது வயது தாண்டிய பாட்டி ஒருவர் இருந்தார். எனக்கு இதைக் கற்றுக்கொடுத்தவர் அவர். அவருடைய துணி பழைய தலையணை உறையிலிருந்து வெட்டியது. பல ஆண்டுகள் வெந்து வெந்து பழுப்பேறி, தேயிலை நிறத்தில் இருந்தது. அதை வாசனைச் சோப்பில் துவைக்கவே கூடாது என்று இரண்டு முறை சொன்னார். கொதிநீரில் முக்கிப் பிழிந்து, மேசைமேல் விரித்து, ஒரு கைப்பிடி மாவை மேலே தூவி, உள்ளங்கையால் மெதுவாகத் தேய்த்தார். "தோல் இங்கேதான் பிறக்கிறது" என்றார்.

அந்தத் தோல்தான் இந்த இனிப்பின் அடையாளம். ஈரத் துணியில் ஒட்டிய மாவு வெந்து, உருண்டையைச் சுற்றி வழவழப்பான மெல்லிய படலமாகிறது. நான் முதன்முதலில் தனியாகச் செய்தபோது மாவு தூவ மறந்துவிட்டேன். துணியை உரித்தபோது உருண்டையின் மேல்பகுதியும் சேர்ந்து வந்துவிட்டது. சுவையில் குறையில்லை, ஆனால் பாட்டி எட்டிப் பார்த்துவிட்டு, பேசாமல் போய்த் தன் மாவு டப்பாவைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தார்.

எட்டுப் பேருக்கு: மைதா 225 கிராம், ரொட்டித் தூள் 110 கிராம், துருவிய கொழுப்பு (சூயட்; அடுத்த கேள்வியைப் பாருங்கள்) 110 கிராம், பழுப்புச் சர்க்கரை 110 கிராம், உலர்திராட்சை இரண்டு வகையாக 300 கிராம், துருவிய ஆப்பிள் ஒன்று, பட்டைத்தூள், சுக்குத்தூள், மிக்ஸ்டு ஸ்பைஸ் என்னும் இனிப்புக்கான மசாலாத்தூள் தலா ஒரு தேக்கரண்டி, சமையல் சோடா ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு சிட்டிகை, ட்ரீகிள் என்னும் கறுப்புச் சர்க்கரைப்பாகு ஒரு மேசைக்கரண்டி, முட்டை ஒன்று, பால் ஏறக்குறைய 150 மில்லி. ட்ரீகிள் இல்லாத ஊரில் கருப்பட்டிப் பாகு அந்தக் கருமையையும் அடிக்கசப்பையும் தருகிறது. எல்லாவற்றையும் கலந்தால் கரண்டியிலிருந்து கனமாக விழும் மாவு கிடைக்கும். இட்லி மாவைவிடக் கெட்டி, சப்பாத்தி மாவைவிட இளக்கம்.

துணியின் நடுவில் மாவை வைத்து, முனைகளைச் சேர்த்து, நூலால் இறுகக் கட்டுங்கள். உருண்டைக்கும் கட்டுக்கும் நடுவே இரண்டு விரல் இடம் விடுங்கள், வெந்து உப்பும். பெரிய பாத்திரத்தின் அடியில் ஒரு தட்டைக் கவிழ்த்து, உருண்டையை அதன்மேல் வைத்து, முக்கால் உயரத்துக்குக் கொதிநீர் ஊற்றி, மூடி, மூன்று மணி நேரம். தண்ணீர் தளதளவென்று பொங்க வேண்டாம், மெல்லக் குமிழியிட்டால் போதும். அரை மணிக்கு ஒருமுறை திறந்து பார்த்து, குறைந்தால் கொதிநீரே ஊற்ற வேண்டும். பச்சைத் தண்ணீர் ஊற்றினால் கொதி அடங்கி, தோல் ஊறிப்போகும்.

வெந்ததும் ஒரு நொடி குளிர்நீரில் முக்கி எடுத்து, கட்டை அவிழ்த்து, தட்டில் கவிழ்த்துத் துணியை ஓரத்திலிருந்து மெதுவாக உரியுங்கள். அப்போது தோல் வெளிறி, ஈரமாக, பார்க்க ஒன்றுமில்லாததுபோல் இருக்கும். பயப்பட வேண்டாம். பாட்டி அதைக் கணப்பருகே ஒரு முக்காலியில் வைத்துச் சுற்றிச் சுற்றித் திருப்புவார். நாம் 180 டிகிரி ஓவனில் 15 நிமிடம் வைக்கலாம். கண்ணெதிரே நிறம் ஆழ்ந்து, தோல் பளபளத்து, பழைய தோல் பையின் நிறத்துக்கு வரும். சூடான கஸ்டர்டுடன் பரிமாறுங்கள்.

சூயட் என்று செய்முறைகளில் வருகிறதே, அது என்ன?

மாட்டின் சிறுநீரகத்தைச் சுற்றியுள்ள கெட்டிக் கொழுப்பு. மதுவைப் பற்றி மட்டும் கேட்டுவிட்டு இதைக் கேட்க மறந்துவிடுகிறோம். இந்து விருந்தினர் பலருக்கும் சைவர்களுக்கும் இது ஆகாது. இஸ்லாமியருக்கு ஹலாலாக இருக்க வேண்டும். மதுவைவிட முக்கியமாக நான் பார்ப்பது இதைத்தான். பிரிட்டனின் கடைகளில் தாவரச் சூயட் எளிதாகக் கிடைக்கிறது, செய்முறையில் எதையும் மாற்ற வேண்டாம். நம் ஊரில் வெண்ணெயைக் கல்லாக உறையவைத்துத் துருவிச் சேர்க்கலாம். உருண்டை சற்றே கனமாக வரும், அவ்வளவுதான். கடையில் வாங்கும் க்ளூட்டி டம்ப்ளிங்கிலும் பழம் பொதிந்த பேஸ்ட்ரிகளிலும் உறையை வாசிக்காமல் வாங்காதீர்கள்.

உருண்டைக்குள் காசு வைப்பார்களாமே?

வைப்பார்கள். முன்பு வெள்ளி மூன்று பென்ஸ் காசு. யாருடைய துண்டில் வருகிறதோ அவருக்கு அதிர்ஷ்டம். இப்போதைய காசுகளின் உலோகம் வேறு. கொதிநீரில் கழுவி வெண்ணெய்த்தாளில் இறுகச் சுற்றி வையுங்கள். சிறு குழந்தைகள் இருக்கும் பந்தியில் உள்ளே வைக்காமல் தட்டுக்கு அடியில் ஒளித்துவிடுங்கள். மகிழ்ச்சி ஒன்றுதான், தொண்டையில் சிக்கும் பயம் இல்லை.

டேப்லெட் என்பது ஃபட்ஜ்தானா?

இல்லை, அதைவிடக் கடினம். கடித்தால் மொறுக்கென்று உடைந்து, நாக்கில் மணல்மணலாகக் கரையும். மைசூர்பாகு செய்யத் தெரிந்த கைக்கு இது பத்து நிமிடத்தில் பிடிபடும், ஏனெனில் எல்லாம் பாகுப் பதத்தில்தான் இருக்கிறது.

சர்க்கரை 900 கிராம், வெண்ணெய் 115 கிராம், பால் 150 மில்லி ஆகியவற்றை மிகப் பெரிய பாத்திரத்தில் மெல்லச் சூடாக்கிச் சர்க்கரை முழுவதும் கரையவிடுங்கள். விரலிடையில் தேய்த்தால் நறநறப்பு இருக்கக் கூடாது. பிறகு 397 கிராம் கண்டென்ஸ்டு மில்க் டின் ஒன்றை ஊற்றிக் கொதிக்கவிட்டு, அடிபிடிக்காமல் ஏறக்குறைய 20 நிமிடம் கிளறுங்கள். பொங்கி மேலே ஏறும், அதனால்தான் பெரிய பாத்திரம். வெப்பமானி இருந்தால் 116 முதல் 118 டிகிரி செல்சியஸ். இல்லாவிட்டால் நம் பாட்டிகளின் வழி: ஒரு சொட்டைக் குளிர்ந்த தண்ணீரில் விட்டு விரலால் திரட்டினால் இளம் உருண்டையாக நிற்க வேண்டும். அதே உருட்டுப் பதம்.

இறக்கிய பின்தான் உண்மையான வேலை. மரக்கரண்டியால் ஐந்து முதல் பத்து நிமிடம் விடாமல் அடிக்க வேண்டும். முதலில் பளபளப்பாக ஓடும். பிறகு கரண்டியின் தடம் மெல்ல மூட மறுக்கும். பாத்திரத்தின் ஓரத்தில் வெளிறிய சொரசொரப்புத் தெரியும். அந்தக் கணமே வெண்ணெய் தடவிய தட்டில் ஊற்றிவிடுங்கள். அரை நிமிடம் தாமதித்தால் பாத்திரத்திலேயே இறுகிவிடும். இளஞ்சூட்டில் கத்தியால் கோடு போட்டு, ஆறியபின் உடையுங்கள். பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லேடி கிரிசல் பெய்லி எழுதிவைத்த வீட்டுக் கணக்குகளிலேயே டேப்லெட் இருக்கிறது. அப்போது டின் பால் ஏது, பாலேடுதான்.

ஷார்ட்பிரெட்டில் தவறு நடக்க என்ன இருக்கிறது?

அவசரம். சர்க்கரை ஒரு பங்கு, வெண்ணெய் இரண்டு பங்கு, மாவு மூன்று பங்கு. மாவில் ஆறில் ஒரு பகுதியை அரிசி மாவாக மாற்றினால் மொறுமொறுப்பு கூடும். இது ஸ்காட்லாந்திலேயே உள்ள வழக்கம். பிசையாமல் அழுத்திச் சேர்த்து, முள்கரண்டியால் குத்தி, 150 டிகிரியில் 40 நிமிடம் வரை வெளிர் பொன்னிறமாக. நல்ல வெண்ணெய் வாங்குங்கள். இதில் வேறு சுவையே கிடையாது. முட்டையும் இல்லாததால் முட்டை தொடாதவர்களுக்கும் ஆகும்.

பிளாக் பன்னை விஸ்கி இல்லாமல் செய்தால் கெட்டுப்போகாதா?

அதைக் காப்பாற்றுவது சர்க்கரையும் உலர்பழமும்தான், இரண்டு கரண்டி விஸ்கி அல்ல. மெல்லிய மாவு உறைக்குள் கருந்திராட்சை, பாதாம், பழத்தோல், சுக்கு, மிளகுத்தூள் எல்லாம் இறுக அடைத்துச் சுடுவது. மிளகின் காரம் இதில் தெரிய வேண்டும். விஸ்கிக்குப் பதிலாக அதே அளவு ஆறிய கடுந்தேநீர் ஊற்றிப் பழங்களை முதல்நாள் இரவே ஊறவையுங்கள். குளிர்நாட்டில் நன்றாகச் சுற்றி வைத்தால் இரண்டு மூன்று வாரம் இருக்கும், சுவையும் முதிரும். சென்னைப் புழுக்கத்தில் குளிர்பெட்டியில் வைத்துவிடுங்கள்.

டிப்சி லேர்டும் அத்தோல் புரோஸும்?

டிப்சி லேர்ட் என்றால் போதையேறிய பண்ணையார். ஸ்காட்லாந்தின் ட்ரைஃபிள் அது. கேக் துண்டுகளை ஆரஞ்சுச் சாற்றிலும் ராஸ்பெரிச் சாற்றிலும் ஊறவைத்து, கஸ்டர்டும் பாலேடும் அடுக்கினால் அருமையான ட்ரைஃபிள் கிடைக்கும். ஆனால் அதை அந்தப் பெயரில் அழைக்காதீர்கள், விருந்தினர் தயங்குவார்கள். அத்தோல் புரோஸை விட்டுவிடுங்கள். 1475இல் அத்தோல் பிரபு எதிரி குடிக்கும் கிணற்றில் தேனும் ஓட்ஸும் விஸ்கியும் கலந்து வைத்து அவனை மயக்கிப் பிடித்ததாகக் கதை. மதுவே உடம்பான பானத்திலிருந்து மதுவை எடுத்தால் இனிப்பான ஓட்ஸ் கஞ்சிதான் இருக்கும்.

வேறு என்ன எளிதாகச் செய்யலாம்?

டம்ஃப்ரீஸ் பக்கத்து எக்கில்ஃபெக்கன் டார்ட்டைச் சொல்வேன். வெண்ணெய், பழுப்புச் சர்க்கரை, முட்டை, உலர்திராட்சை, வால்நட், ஒரு கரண்டி வினிகர். அந்த வினிகர்தான் ரகசியம், திகட்டலை வெட்டிவிடுகிறது. கிழக்குக் கடற்கரையின் ஐமத் துறைமுகத்து டார்ட்டில் தேங்காய்த் துருவல் சேர்கிறது என்பதை முதலில் கேட்டபோது எனக்கு வியப்பும் சொந்த ஊர் நினைவும் சேர்ந்து வந்தன.

ஜெலட்டின் ஆகாதவர்களுக்கு ஹெப்ரிடீஸ் தீவுகளின் கராகீன் புட்டிங். அங்கே கரையில் பொறுக்கும் ஒருவகைக் கடற்பாசி. உலர்ந்தது 15 கிராமை ஊறவைத்து, 600 மில்லி பாலில் 25 நிமிடம் மெல்லக் கொதிக்கவிட்டு, சர்க்கரை சேர்த்து வடிகட்டினால் தானே உறையும். நோன்புக் காலத்தில் நம் பக்கம் செய்யும் கடல்பாசியின் தூரத்து உறவு. இது இன்னும் குழைவு.

கடையில் வாங்கும் பொருட்களில் மது எங்கெல்லாம் ஒளிந்திருக்கும்?

வனிலா எக்ஸ்ட்ராக்டில் முதலில் பாருங்கள். அமெரிக்க விதிப்படி அதில் குறைந்தது 35 சதவீதம் ஆல்கஹால் இருக்க வேண்டும். வனிலா விதைப்பொடியோ கிளிசரினில் எடுத்ததோ வாங்கலாம். ஜாடியில் வரும் மின்ஸ்மீட் என்னும் உலர்பழக் கலவையில் பிராந்தி சேர்ப்பது வழக்கம். பரிசுக் கடைகளின் மார்மலேடு, டண்டீ கேக், ஃபட்ஜ் ஆகியவற்றில் விஸ்கி சேர்த்த வகையும் சேர்க்காத வகையும் ஒரே நிற உறையில் பக்கத்தில் பக்கத்தில் இருக்கும். டண்டீ கேக்கின் அடையாளம் மேலே வட்டமாக அடுக்கிய பாதாமும் ஆரஞ்சுத் தோலும், மது அல்ல. சேர்க்காததைக் கேட்டு வாங்குங்கள்.

எட்டுப் பேர் விருந்துக்கு எப்படித் திட்டமிடுவது?

டேப்லெட்டும் ஷார்ட்பிரெட்டும் ஒரு வாரம் முன்னதாக, காற்றுப் புகாத டப்பாவில், தனித்தனியே. ஓட்ஸை முதல்நாள் வறுத்து வைக்கலாம். க்ளூட்டி டம்ப்ளிங்கை அன்று மதியம் அடுப்பேற்றுங்கள். விருந்தினர் கதவைத் தட்டும்போது வீடெங்கும் பட்டை மணக்கும். இரண்டு பெரிய இனிப்புகள் வேண்டாம். டம்ப்ளிங் அல்லது கிரானகன், ஏதாவது ஒன்று. கடைசியில் தேநீரோடு ஒரு தட்டு டேப்லெட்.

மிஞ்சிய டம்ப்ளிங்கை என்ன செய்வது?

மிஞ்சும்படியே செய்யுங்கள். மறுநாள் காலை விரல் பருமன் துண்டுகளாக வெட்டி, வாணலியில் வெண்ணெய் போட்டு, இரண்டு பக்கமும் ஓரம் மொறுமொறுவென்று சிவக்கும்வரை வறுக்கவும். ஸ்காட்லாந்தில் முட்டையும் பன்றியிறைச்சியும் பொரித்த காலை உணவுத் தட்டில் இதையும் வைப்பார்கள். எங்கள் கீழ்வீட்டுப் பாட்டி வெறும் துண்டைத்தான் சாப்பிடுவார், சர்க்கரை போடாத தேநீருடன். தோல் இருக்கும் ஓரத் துண்டை எனக்காக எடுத்து வைத்திருப்பார்.